ஸ்டுட்கார்ட், ஜெர்மனி: ஆறு வாரமாகியும் வரி எண் கடிதம் வரவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். வேலைக்காக ஆகஸ்ட் கடைசியில் இங்கே வந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் குடிவந்ததற்கான சான்று வாங்கி, இரண்டு வாரக் கெடுவுக்குள் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடித்துவிட்டேன். 11 இலக்க வரி எண் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. எண் இல்லாததால் செப்டம்பர் சம்பளத்தை, அதிகமாக வரி பிடிக்கும் வரி வகுப்பு 6-இல் போட்டுவிட்டார்கள். கையில் வந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். டிசம்பரில் மனைவி வருகிறாள், அதற்குள் தனி வீட்டுக்கு முன்பணம் சேர்க்க வேண்டும். பேங்க் கார்டின் பின் நம்பர் கடிதமும் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்:
வரி எண், பின் நம்பர் இரண்டும் வரவில்லை என்றால் தபால்பெட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது? பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என்ன இருக்கிறது?

கேட்டவர்:
பெட்டியில் என் பெயர் மட்டும், வீட்டுக்கார அம்மாவே ஒட்டினார். சர்நேம் அப்பா பெயர்.

பதில்:
அதேதான் தம்பி. இங்கே ஃபிளாட்டுக்கு நம்பர் கிடையாது, தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். அரசு அலுவலகமும் பேங்கும் சர்நேமை வைத்துத்தான் எழுதும். உங்கள் கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிப் போயிருக்கும். எனக்கும் வந்த புதிதில் இப்படித்தான் ஆனது. நம்மை யாரும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதனால் அந்தப் பெயரை ஒட்ட வேண்டும் என்றே தோன்றாது. இன்றைக்கே பெட்டியிலும் காலிங் பெல்லிலும் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டு நிர்வாகம் முறையான பலகை மாட்டும்வரை தாளும் டேப்பும் போதும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் சர்நேமாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வரி எண்ணை மத்திய வரி அலுவலகத்திடம் ஆன்லைனில் மறுபடி கேட்கலாம். போனிலோ மெயிலிலோ சொல்ல மாட்டார்கள், திரும்பவும் தபால்தான், திரும்பவும் சில வாரம். அதனால் ஊரில் உள்ள வரி அலுவலகமான ஃபினான்ஸாம்ட்டுக்குப் பாஸ்போர்ட்டும் அன்மெல்டுங் சான்றும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். எனக்கு அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

இன்னொருவர்:
பணம் போய்விடவில்லை, கவலைப்படாதீர்கள். எண் கொடுத்ததும் கம்பெனி முந்தைய மாதத்தைத் திருத்திச் சம்பளத்தில் சேர்த்துவிடும். அப்படியும் விட்டுப்போனால் வருட முடிவில் வரிக் கணக்கு போட்டு வாங்கலாம். எண் வராதது நம் தவறு இல்லையென்றால், உங்களுக்குப் பொருந்தும் வகுப்பிலேயே மூன்று மாதம் வரை சம்பளம் போட வருமான வரிச் சட்டத்தின் 39சி பிரிவில் இடம் இருக்கிறது. ஹெச்ஆரிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் வீட்டு முன்பணம். மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தவணை குடிபோகும்போது கொடுத்தால் போதும். மொத்தத்தையும் இப்போதே சேர்க்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

கேட்டவர், 9 நாள் கழித்து:
அன்று இரவே பெயரை ஒட்டினேன். ஃபினான்ஸாம்ட்டில் அரை மணி நேரம் காத்திருந்தேன், எண்ணை அச்சிட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பரில் கூடுதலாகப் பிடித்ததை இந்த மாதச் சம்பளத்தோடு தருவதாக ஹெச்ஆர் எழுதியிருக்கிறார்கள். பின் நம்பரை மறுபடி அனுப்பச் சொன்னேன், நேற்று வந்தது. உறையில் அப்பா பெயர்தான் முதலில் இருந்தது. ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும்.