புள்ளடி போட அறிவு வேண்டுமா?

கேள்வி: முறிகண்டி வழி

எங்கள் சனசமூக நிலையத்தில் அடுத்த மாதம் ஒரு கலந்துரையாடல் வைக்கிறோம். தலைப்பு: "வாக்களிப்பவருக்குக் குறைந்தபட்ச அரசியல் அறிவு கட்டாயமாக்கப்பட வேண்டுமா?" உயர்தரப் பிள்ளைகள் பாதிப்பேர் "ஆம்" என்றுதான் நிற்கிறார்கள். வாகனம் ஓட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், மருந்து விற்கத் தகைமை வேண்டும், நாட்டைத் தீர்மானிக்க மட்டும் 18 வயது போதுமா என்பது அவர்களின் வாதம். நிராகரிக்கப்படும் வாக்குகளையும் சான்றாகக் காட்டுகிறார்கள். சீட்டிலே ஒழுங்காகப் புள்ளடி (X) போடத் தெரியாதவருக்கு எதற்கு வாக்கு என்று கேட்கிறார்கள்.

உணர்ச்சிப் பேச்சு வேண்டாம். சட்டம், கணக்கு, வரலாறு தெரிந்தவர்கள் எழுதுங்கள். முடிந்தால் கூட்டத்தில் செய்துகாட்டக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1: எண்ணும் மேசை

நிராகரிக்கப்பட்ட வாக்கிலிருந்தே தொடங்குவோம், பிள்ளைகளின் வாதம் அதில்தான் நிற்கிறது.

இலங்கையில் 2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குகள் 13,619,916. நிராகரிக்கப்பட்டவை 300,300, அதாவது 2.2 வீதம். எட்டுக் கிழமைக்குள், நவம்பர் 14 இல் நாடாளுமன்றத் தேர்தல். அளிக்கப்பட்டவை 11,815,246, நிராகரிக்கப்பட்டவை 667,240, அதாவது 5.6 வீதத்துக்கு மேல். 2020 நாடாளுமன்றத் தேர்தலிலும் 744,373 வாக்குகள், 6 வீதம், கழிந்தன.

அதே நாடு, ஏறக்குறைய அதே சனம். எட்டுக் கிழமையில் அவர்களின் அறிவு பாதியாகிவிடவில்லை. மாறியது சீட்டு. வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணத்தின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியும்.

சனாதிபதித் தேர்தல் சீட்டில் ஒரு வேலைதான். ஒருவருக்குப் புள்ளடியோ 1 என்ற இலக்கமோ போட்டால் முடிந்தது. விரும்பினால் 1, 2, 3 என்று தெரிவு எழுதலாம். நாடாளுமன்றச் சீட்டில் இரண்டு வேலை. மேலே கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி. கீழே வேட்பாளர் இலக்கப் பெட்டிகளில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனம் 6. ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனத்தோடு மூன்று கூட்டி 9 பேர். கட்சிக்கு 9 பேர் இருந்தாலும் இலக்கப் பெட்டி எல்லாருக்கும் பொது, 1 முதல் 9 வரை. எந்தக் கட்சிக்கு மேலே புள்ளடி போட்டீர்களோ அந்தக் கட்சியின் 4 ஆம் இலக்கக்காரருக்குத்தான் கீழே 4 இல் போட்ட புள்ளடி சேரும்.

மேசையில் கழிந்து போகிறவை பெரும்பாலும் இவைதான்:

மேலே ஒன்றும் போடாமல் கீழே இலக்கத்துக்கு மட்டும் போட்டது. வீடு வீடாக வந்த வேட்பாளர் "என்ரை நம்பர் 7" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், சின்னத்தைச் சொல்லியிருக்க மாட்டார். முழுச் சீட்டும் கழிவு.

இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டது. "அவரும் எங்கடை ஆள், இவரும் எங்கடை ஆள்" என்ற மனம். கழிவு.

பெயர், கையெழுத்து, யார் போட்டது என்று அடையாளம் காட்டும் எதுவும் இருந்தால் கழிவு. வெறுஞ்சீட்டும் கழிவு. பின்பக்கம் அலுவலக முத்திரை இல்லாததும் கழிவு, அது வாக்காளரின் பிழையே அல்ல.

கட்சிக்குச் சரியாகப் போட்டுவிட்டு விருப்பு வாக்கை நான்கு பேருக்குப் போட்டால், கட்சி வாக்கு எண்ணப்படும், விருப்பு மட்டும் போகும்.

முதலாவது பிழையைச் செய்தவரைப் பாருங்கள். அவருக்கு யார் வரவேண்டும் என்று தெரியும், ஆளின் இலக்கமே தெரியும். அரசியல் அறிவு கூடின ஆள் அவர். தோற்றது சீட்டின் அமைப்பு.

பதில் 2: பழைய இடாப்பு

அறிவு பார்த்து வாக்குக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. இந்த நாட்டிலேயே செய்து பார்த்தாயிற்று.

1911 இல் சட்டசபைக்குப் "படித்த இலங்கையர்" என்று ஒரே ஓர் ஆசனம். வாக்காளர் முழுத் தீவிலும் ஏறத்தாழ 3,000 பேர். அதில் வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். பிறகு விரித்தார்கள். ஆனாலும் 1931 க்கு முன் கல்வி, சொத்து, வருமானம் பார்த்துக் கொடுத்த வாக்கு சனத்தொகையில் 4 வீதத்துக்குத்தான் எட்டியது. பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை முன்வைத்தபோது எதிர்த்தவர்களில் படித்த தலைவர்களே முன்னுக்கு நின்றார்கள், இராமநாதனும் ஒருவர். கேட்டவர்கள் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கமும் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும். ஆணைக்குழுகூடப் பெண்களுக்கு 30 வயது என்றுதான் சொன்னது, நடைமுறைக்கு வரும்போது இருபாலாருக்கும் 21 ஆயிற்று. 18 ஆனது 1959 இல்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி வாக்களித்தார்? அன்றைக்கு வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. 1947 இல் நிறம் போய்ச் சின்னம் வந்தது. ஆளை வாசிக்கப் பழக்கிவிட்டு வாக்குக் கொடுப்போம் என்று காத்திருக்கவில்லை. ஆளுக்கு ஏற்றமாதிரிப் பெட்டியைச் செய்தார்கள். இந்தியா 1951-52 இல் தன் முதற் பொதுத்தேர்தலைச் சின்னம் ஒட்டிய பெட்டிகளோடு நடத்தியதும் இதே வழிதான்.

தேர்வு வைத்த இடங்களில் என்ன நடந்தது? அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு இருந்தது. லூசியானாவில் 1964 இல் பயன்பட்ட ஒரு தாளில் 30 கேள்வி, 10 நிமிடம், ஒன்று பிழைத்தாலும் தோல்வி. கேள்விகள் இரண்டு விதமாக வாசிக்கக்கூடியவை, சரியா பிழையா என்று சொல்பவர் பதிவாளர். கறுப்பின மக்களை இடாப்பிலிருந்து வெளியே வைக்க அது போதுமாயிருந்தது. அதற்கு முன் சில மாநிலங்களில், பாட்டன் வாக்களித்திருந்தால் பேரனுக்குத் தேர்வு இல்லை என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள், 1915 இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. தேர்வுகளை முடக்கியது 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் "மலையகத் தமிழர்" என்ற சொல்லே இல்லை. தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று. எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் தோட்டத்தில் பிறந்தவரிடம் அந்தக் கடதாசி இருக்காது. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கைக் குடியுரிமையோடு கட்டினார்கள். 1947 இல் மலையகத் தமிழருக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதிகள் இருந்தார்கள், 1952 இல் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஒருவரும் இல்லை. முழுத் தீர்வு 2003 வரை இழுபட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்கு வவுனியாவிலும் தருமபுரத்திலும் உங்கள் கூட்டத்துக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். தேர்வு வேண்டும் என்கிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வினாத்தாளை எடுப்பது யார், எந்த மொழியில், திருத்துவது யார்?

சட்டநிலை சுருக்கமாக: வாக்குரிமை அரசியல் யாப்பின் 3 ஆம் உறுப்புரையில் மக்களின் இறைமைக்குள் அடக்கம். 4 ஆம் உறுப்புரை 18 வயதான பிரசை என்று சொல்கிறது. 3 ஐத் தொட்டால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

பதில் 3: வாய்க்கால் தலைப்பு

பழைய இடாப்பு சொன்னதோடு உடன்பாடு. ஆனால் அறிவு தேவையில்லை என்று யாரும் முடித்துவிட வேண்டாம். தெரியாமல் போடும் வாக்குக்கு விலை உண்டு, அதை நாங்கள்தான் கட்டுகிறோம்.

தெருவிளக்கும் உள்வீதியும் சந்தையும் பிரதேச சபையின் வேலை. 200 ஏக்கர் வரை வயலுக்குப் பாய்ச்சும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். இதற்கெல்லாம் நாடாளுமன்ற வேட்பாளர் வாக்குறுதி தருகிறார், சனம் நம்புகிறது. மாகாண சபையை எடுங்கள். வட மாகாணத்துக்கு வாக்குக் கேட்டது ஒரேயொரு தரம், 2013 செப்டெம்பர் 21. அதன் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. இன்றைக்கு 25 வயதுப் பிள்ளை மாகாண சபைக்கு ஒருநாளும் வாக்களித்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு மாகாண சபையின் அதிகாரம் தெரியவில்லை என்று குறை சொல்லலாமா? கேட்டால்தானே தேடிப் படிக்கும்.

இதற்கு எங்களிடம் கண்முன் சான்று இருக்கிறது: சிறுபோகக் கூட்டம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு முழு வயலும் செய்யத் தண்ணீர் காணாது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார். அதை வைத்து எத்தனை ஏக்கர், எப்போது திறப்பது, விதைப்பின் கடைசி நாள், தண்ணீர் பூட்டும் நாள் எல்லாம் தீர்மானிக்க வேண்டும். வாய்க்காலின் கடைவாயில் காணி உள்ளவர் எட்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். ஆனால் தலைப்பில் இருப்பவர் கூட எடுத்தால் தன் வயலுக்கு எத்தனையாம் நாள் தண்ணீர் வராது என்பது அவருக்குத்தான் தெரியும், மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. அவரைத் தேர்வு வைத்துக் கழித்தால் கூட்டத்துக்குத்தான் அறிவு குறையும். தீர்மானத்தில் பங்கு இருப்பதாலேயே அவர் அடிக்கணக்கையும் ஏக்கர்க்கணக்கையும் பழகிக்கொள்கிறார்.

அனுமதிப்பத்திர உவமை இதிலேதான் பிழைக்கிறது. ஓட்டத் தெரியாதவர் வீதிக்கு வராமல் இருக்கலாம். ஆளப்படாமல் இருக்க யாராலும் முடியாது.

பதில் 4: எண்ணும் மேசை

செய்துகாட்ட ஏதாவது கேட்டீர்கள். 20 பேருக்கு இரண்டு மணித்தியாலம் போதும்.

முதலில் மாதிரிச் சீட்டு 40 அடியுங்கள், ஆளுக்கு இரண்டு. உண்மையான கட்சிச் சின்னம் ஒன்றும் வரக்கூடாது. உரல், சுளகு, அகப்பை, கடகம், பனம்பாய் என்று ஐந்து போடுங்கள். அடிப்பதற்கு முன் தேர்தல் ஆணைக்குழுவின் சின்னப் பட்டியலோடு ஒருக்கால் ஒத்துப் பாருங்கள். கீழே 1 முதல் 9 வரை பெட்டி.

முதற் சுற்றில் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டாம். சீட்டைக் கொடுங்கள், மறைவில் போடட்டும், பெட்டியில் இடட்டும். பெட்டியை எல்லாருக்கும் முன்னால் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: செல்லும், கட்சி செல்லும் விருப்பு செல்லாது, முழுதும் செல்லாது. ஒவ்வொரு செல்லாத சீட்டையும் உயர்த்திப் பிடித்து ஏன் என்று கேளுங்கள். யார் போட்டது என்று தேடக்கூடாது, தேடினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் விளக்கம், பிறகு இரண்டாம் சுற்று. மூன்றாம் குவியலை முதற் சுற்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஆசனக் கணக்கு. 100 புளியங்கொட்டை எடுங்கள். உரல் 38, சுளகு 27, அகப்பை 20, கடகம் 11, பனம்பாய் 4. பனம்பாய் 5 வீதத்துக்குக் கீழ், அந்த நாலையும் அகற்றுங்கள். மிச்சம் 96. ஆறு ஆசனத்தில் ஒன்று கூடிய வாக்கு எடுத்த உரலுக்கு மேலதிக ஆசனம். மிச்சம் ஐந்து. 96 ஐ 5 ஆல் பிரித்தால் 19.2, சட்டப்படி அடுத்த முழு எண், 20. இருபது இருபதாக எண்ணுங்கள்: உரலுக்கு ஒன்று, சுளகுக்கு ஒன்று, அகப்பைக்கு ஒன்று. இன்னும் இரண்டு ஆசனம் நிற்கிறது, அவை கூடிய மீதிக்கு. உரலின் மீதி 18, கடகத்தின் 11, சுளகின் 7. உரல் ஒன்று, கடகம் ஒன்று. முடிவு: உரல் 3, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. 27 கொட்டைக்கும் ஒன்று, 11 கொட்டைக்கும் ஒன்று.

இப்போது சுளகையும் அகப்பையையும் ஒரே குவியலாக்குங்கள். 47. மேலதிக ஆசனம் அங்கே போகும். இருபது இரண்டு, ஆக 3. உரல் 2, கடகம் 1. ஒரு கொட்டையும் கூடவில்லை, குறையவில்லை. பிரிந்து கேட்டபோது இரண்டு, சேர்ந்து கேட்டபோது மூன்று. கட்சிகள் உடைவதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவதைவிட இது விளங்கும்.

பதில் 5: பனங்காமம்

ஒரு திருத்தமும் ஒரு வேண்டுகோளும்.

கூட்டம் கிளிநொச்சிப் பக்கம் என்றால் கவனம். புவியியலில் வன்னிதான், ஆனால் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும். 2024 இல் யாழ்ப்பாணத்துக்கும் 6 ஆசனம்தான், ஆகவே எண்ணும் மேசை அண்ணை சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும்.

வேண்டுகோள்: போரில் கண் இழந்தவர்களையும் கை இழந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் உதவிக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். உதவியாளர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும், வேட்பாளராகவோ முகவராகவோ இருக்கக்கூடாது. தகுதிச் சான்றுப் படிவத்தைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் ஓடித் திரிந்தால் கிடைக்காது. கூட்டிச்செல்ல ஆளில்லாவிட்டால் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் இன்னொரு அலுவலர் முன்னிலையில் அவர் சொன்னபடி அடையாளமிடுவார்.

அடையாள அட்டை தொலைந்தவர்களுக்கும் அப்படித்தான். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஒன்றும் இல்லாதவர் தேர்தலுக்கு முன்னதாகவே கிராம அலுவலர் மூலம் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முந்திய வேலை. மாதர் சங்கத்தில் ஒரு கொப்பி போட்டு வீட்டுக்கு வீடு ஒத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: முறிகண்டி வழி

நன்றி எல்லாருக்கும். தலைப்பை மாற்றப் போகிறோம்: "வாக்காளருக்கு விளங்காத சீட்டுக்கு யார் பொறுப்பு?" புளியங்கொட்டைக்குச் சொல்லியாயிற்று. எண்ணும் மேசை அண்ணை, மாதிரிச் சீட்டில் சின்னத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டால் கண்ணாடி இல்லாத ஆச்சிமாருக்குத் தெரியும்?

எண்ணும் மேசை

உண்மைச் சீட்டில் எவ்வளவோ அவ்வளவுதான் போடுங்கள் தம்பி. தெரியவில்லை என்று எத்தனை ஆச்சிமார் சொல்கிறார்கள் என்பதைக் கொப்பியில் குறித்து, கூட்ட அறிக்கையோடு மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.