மலாக்காவில் மழை, நாளை எந்த அருங்காட்சியகம்?

உறவுகளே, வணக்கம். அம்மாவுடன் இரண்டு நாள் மலாக்கா வந்திருக்கிறேன். காலையிலிருந்து விடாத மழை. குடை இருந்தும் செருப்பு ஊறிப்போய் நடக்கும்போது சளக் சளக்கென்று சத்தம் போடுகிறது. கோட்டை வாசலைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அருங்காட்சியகங்களில் ஒதுங்கினோம்.

டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாட்ஹெய்ஸ் சிவப்புக் கட்டடம் பார்த்தாயிற்று. கடல்சார் அருங்காட்சியகத்தையும் விடவில்லை. மலாக்காவை 1511-இல் பிடித்த போர்த்துக்கீசியர், கொள்ளையடித்த பொருளை ஏற்றிச் சென்று சுமத்ரா பக்கம் மூழ்கவிட்ட 'ஃப்ளோர் டி லா மார்' கப்பலின் மாதிரி அது. உள்ளே படி ஏறி இறங்கியதில் அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப்போனது என் தப்புதான்.

நாளையும் மழை என்கிறார்கள். எனக்குச் செட்டி அருங்காட்சியகம் பார்த்தே ஆக வேண்டும். சுல்தான் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் செட்டிகள்; வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. அம்மாவுக்கோ, இங்கே குடியேறிய சீனர் வழிவந்தவர்களின் பழைய வீடான பாபா நோன்யா வீடுதான் வேண்டுமாம், சமையல்கட்டு பார்க்க.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: செட்டி அருங்காட்சியகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும்? வாசல் வரை கிராப் வாடகைக் கார் போகுமா? பாபா நோன்யா வீட்டில் மாடி ஏறாமல் கீழ்த்தளம் மட்டும் பார்க்க விடுவார்களா? அப்புறம், ஜோங்கர் தெருப் பக்கம் நனையாமல் நடக்க, கடைகளின் முன்னால் கூரையோடு வரும் ஐந்தடி நடைபாதை விட்டுப்போகாமல் இருக்கிறதா?

இன்று இரவுக்குள் சொன்னால் புண்ணியமாய்ப் போகும்.