ஊருணிப் படியில் ஆத்தா பெயரைப் பொறிக்கலாமா?

தேவகோட்டைத் தம்பி:
எங்கள் ஊர் தேவகோட்டைப் பக்கம். போன மாசம் தவறிப்போன ஒரு ஆத்தாவின் பெயரை ஊருணி வடக்குப் படியில் கல்லாகப் பதிக்க வேண்டும் என்று கிராம சபையில் கேட்டோம். வயல் கூலி பார்த்தவர். எங்கள் தெரு சனம் ஊருணியில் இறங்கித் தண்ணி எடுக்க, டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ் வைக்க, சுடுகாட்டுக்குப் பாதை வாங்க, ஆயுசு முழுக்க அலைந்தவர். தலைவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோட்டையூரான்:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அப்புறம் பஸ், பள்ளிக்கூடம், சிங்கப்பூர்ச் சம்பளம். இரட்டைக் குவளை போனது இதனால்தான். மனு கொடுத்த ஒருத்தர் பெயரில் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? அந்த ஊருணியை வெட்டிய செட்டியார் வீட்டுக் கல்லே கிழக்குப் படியில் பாசி பிடித்துக் கிடக்கிறது.

காரைக்குடி வாசகி:
1955-ல் சட்டம் வந்தது சரி. உங்கள் ஊர் டீக்கடைக்கு அது எந்த வருஷம் வந்து சேர்ந்தது அண்ணே?

இது பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1930-ல் இங்கே ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. ஆத்தாவின் அம்மா அந்தக் காலத்து மனுஷியாக இருந்திருப்பார். தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவி கோயில் தேரையே பாருங்கள். எல்லாரும் வடம் பிடிக்கலாம் என்று கோர்ட் சொல்லியும் பல வருஷம் நிலையை விட்டு நகரவில்லை. 2024 ஜூனில்தான் ஓடியது.

கோட்டையூரான்:
தேர் பழுது, திருப்பணி என்பதும் இருந்ததம்மா. கடைசியில் அதை ஓட வைத்தது யார்? கோர்ட்டும் கலெக்டரும் போலீசும். நான் சொன்னதும் அதுதானே.

பள்ளத்தூர் மருமகன்:
ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா பக்கத்து ஊரில் தலையிட்டதில் எங்கள் சித்தப்பா மேல் பிசிஆர் கேஸ், அதாவது சாதிக் கொடுமை வழக்கு, ஆனது. சம்பவத்தன்று அவர் ஊரிலேயே இல்லை. விடுதலை ஆகிற வரைக்கும் வாய்தா வாய்தாவாக அலைந்தார். இதையும் கல்லில் போடுவீர்களா?

தேவகோட்டைத் தம்பி:
மருமகன் அண்ணே, உங்கள் சித்தப்பா பட்டது கஷ்டம்தான், மறுக்கவில்லை. புகாரில் அவர் பெயர் எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியாது.

கோட்டையூரான் ஐயாவுக்கு ஒரு விஷயம். எங்கள் ஊர் கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தின் வெறும் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 500-க்கு மேல் 3,000 வரை மக்கள் உள்ள ஊரில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே உட்கார வைத்து, கையெழுத்து போட்டதும் அனுப்பிவிடுவார்கள். தீர்மானம் சாயங்காலம் எழுதப்படும். யாருக்கு வேண்டியதோ அது.

ஆத்தா 90-களில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டியவர். "எழுதுனதைப் படிங்கய்யா, அப்புறம் போடுறேன்" என்பார். படித்து முடித்ததும் பேனாவை வாங்கி, கடைசி வரிக்கு அடியில் ஒட்டி ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே யாரும் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. எழுத்தருக்கு எரிச்சல் தாங்காது. சுடுகாட்டுப் பாதை கோர்ட்டுக்குப் போனபோது எங்கள் வக்கீல் முதலில் கேட்டது அந்தப் பக்கத்தின் நகலைத்தான். பாதை கொடுத்தது கோர்ட்தான் ஐயா. கோர்ட்டுக்குக் காட்டக் காகிதம் வேண்டாமா?

காரைக்குடி வாசகி:
அடேயப்பா. இதை யாராவது எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கோட்டையூரான்:
கோடு விஷயம் நல்ல கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கல் எதற்கு? களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களை வளர்த்த மதுரைச் சின்னப்பிள்ளை அம்மா காலில் பிரதமர் வாஜ்பாயே விழுந்தார், 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அதற்கப்புறமும் தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று அந்த அம்மா 2024-ல் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அரசு அசைந்தது. ஆத்தா பேத்தி இருக்கிற இடத்துக்குப் பட்டா இருக்கிறதா? அதற்கு அலையுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:
பட்டா மனு கொடுத்தாயிற்று, ரசீதும் இருக்கிறது. கல்லையும் கேட்போம். உங்கள் கிழக்குப் படிக் கல்லை யாரும் தொடப்போவதில்லை, வேண்டுமானால் பாசியை நாங்களே தேய்த்துவிடுகிறோம். வெட்டியவருக்கு ஒரு கல், எங்களை இறங்க வைத்தவருக்கு ஒரு கல். அக்டோபர் 2 கிராம சபையில் மறுபடி வைக்கிறோம். உங்களுக்கு இங்கேதானே ஓட்டு, வருவீர்களா?

கோட்டையூரான்:
வருகிறேன். கை தூக்குவேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.