கேபிளின் வெளிக்குழாய்க்கு என்ன சொல்? வடமா, உறையா?

அன்பின் நண்பர்களுக்கு,

வீட்டிலேயே சைக்கிளின் பிறேக், கியர் கேபிள்களை மாற்றுவதற்கான வழிகாட்டியை எழுதத் தொடங்கியவுடனேயே இந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'கேபிள்' என்ற ஒரே சொல்லால் நாங்கள் இரண்டு பொருளைச் சொல்கிறோம். உள்ளே ஓடும் முறுக்குக் கம்பி ஒன்று, அதைச் சுற்றியிருக்கும் வளையக்கூடிய குழாய் மற்றது. கடையில் இன்னர், அவுட்டர் என்று கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் எழுத்தில் "பழைய கேபிளோடு ஒப்பிட்டு, அதே நீளத்துக்கு வெட்டுங்கள்" என்று வந்தால் வாசிப்பவர் எதை வெட்டுவார்? வெட்டவேண்டியது குழாய். அந்த நேரத்தில் கம்பியை வெட்டினால் அது வீண். கம்பியை வெட்டுவது எல்லாம் பூட்டி இறுக்கிய பிறகுதான்.

இந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல்லாக, சென்ற மடலில் 'உள்வடம் (கம்பி), வெளிவடம் (குழாய்)' என்று ஒரு யோசனை வந்தது. உள்வடத்தில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. வெளிவடம் பொருந்தாது. வடம் என்றால் இழுப்பது. கொக்கட்டிச்சோலைத் தேரை இழுத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியே இருக்கும் குழாய் எதையும் இழுப்பதில்லை. பிறேக் பிடியை அமத்தும்போது உள்ளே கம்பி எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அவ்வளவு விசை வெளிக்குழாயை இரண்டு முனையிலிருந்தும் நெருக்குகிறது. 1896இல் ஏர்னஸ்ட் போடன் காப்புரிமை பெற்ற அமைப்பு இதுதான். ஒன்று இழுபட, மற்றது நெருக்கத்தைத் தாங்குவதால்தான், எத்தனை வளைவு இருந்தாலும் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. எதிரெதிராக வேலை செய்யும் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுப்பது சரியாகாது.

ஆகவே என் யோசனை: உள்ளே இருப்பது இழுகம்பி, வெளியே இருப்பது உறை. பாடப்புத்தகத்தில் இழுவிசை படித்த பிள்ளைக்கு இழுகம்பி உடனே விளங்கும்.

உறை இரண்டு வகை. இந்த விவாதத்தின் முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பிறேக்குக்கு வரும் உறையின் உள்ளே தட்டையான உருக்குக் கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். வெளிவிட்டம் பெரும்பாலும் 5 மி.மீ. கியருக்கு வரும் உறை பெரும்பாலும் 4 மி.மீ.; அதில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஓடும். சுருள் வளையும்போதும் நெருக்கப்படும்போதும் அதன் நீளம் சிறிது மாறும். பிறேக்குக்கு அது பாதகமில்லை. ஆனால் 'கிளிக்' என்று ஒவ்வொரு பல்சக்கரமாக மாறும் கியருக்கு அந்தச் சிறு மாற்றமே போதும், சங்கிலி சரியான பல்சக்கரத்தில் உட்காராது. மறுபக்கம், நீளவாக்குக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. அதைப் பிறேக்குக்குப் பூட்டி அவசரத்தில் பலமாகப் பிடித்தால் கம்பிகள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். பிறகு பிறேக்கே இருக்காது. கல்லடிப் பாலத்தால் இறங்கும்போது அப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்: சுருளுறை, நெட்டிழையுறை.

கல்லடியிலிருந்து

———

அன்பின் தம்பிக்கு,

இழுகம்பி நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்வோம். உறையும் சரி. ஆனால் சுருளுறை, நெட்டிழையுறை இரண்டும் எனக்குத் தூரமாகத் தெரிகின்றன. அக்கரைப்பற்றில் ஒரு பிள்ளை கடைக்குப் போய் "பிறேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று" என்றுதான் கேட்கும். ஆபத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், எங்கே பூட்டவேண்டும் என்பதைப் பெயரே சொல்லட்டுமே. பிறேக்குறை, கியருறை போதாதா?

இன்னொன்று. உறையின் முனையில் போடும் சிறு தொப்பிக்கு யாரும் சொல் தரவில்லை. எங்கள் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கறள் பிடிப்பது முதலில் அந்த முனையில்தான். அதற்குக் கட்டாயம் பெயர் வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து

———

அன்பின் நானாவுக்கு,

தொப்பியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. உலக்கையின் நுனி பிளக்காமல் இருக்கப் போடும் இரும்பு வளையத்தை எங்கள் அம்மம்மாமார் பூண் என்றார்கள். உறை முனையில் இருப்பதும் அதே வேலையைச் செய்யும் அதே பொருள். பூண் என்றே எழுதுவோம். இழுகம்பியின் வெட்டிய நுனி பிரியாமல் நசுக்கிப் போடும் சிறு அலுமினியக் குழாய் வேறு. அதை நுனிமூடி எனலாம்.

பிறேக்குறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்த்து எழுதினால் 'பிறேக் குறை' என்று, பிறேக்கில் ஏதோ பழுது என்பதுபோல வாசிக்க இடமுண்டு. பிரித்து 'பிறேக் உறை' என்று எழுதினால் அது தீரும். ஆனாலும் பாவனையை வைத்துப் பெயரிட எனக்கு இன்னும் தயக்கம். 1984இல் ஷிமானோ நிறுவனத்தின் அமைப்பு வந்து, 'கிளிக்' என்று படிப்படியாக மாறும் கியர் பரவுவதற்கு முன்பு கியருக்கும் பெரும்பாலும் சுருளுறைதான் போட்டார்கள். வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய மூன்று கியர் சைக்கிளில் இன்றும் அதைக் காணலாம். அதேபோல, பிறேக்குக்கென்றே வலுவூட்டிச் செய்த நெட்டிழையுறையும் விற்பனைக்கு உண்டு. அப்போது 'கியர் உறை' என்பது எதைக் குறிக்கும்?

அமைப்பை வைத்த பெயரைக் கண்ணால் சோதிக்கவும் முடியும். வெட்டிய முகத்தைப் பாருங்கள். வட்டமாகப் புள்ளி புள்ளியாகக் கம்பி நுனிகள் தெரிந்தால் நெட்டிழை; ஒரே தகட்டின் விளிம்பு வளைந்து தெரிந்தால் சுருள். பெட்டி தொலைந்த, பெயர் அழிந்த துண்டையும் இப்படி அடையாளம் காணலாம்.

நீங்கள் கேட்ட பாதுகாப்பும் வேண்டும் என்பதால் வழிகாட்டியின் சொல் விளக்கப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

*சுருளுறை: தட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்த உறை. பிறேக்குக்கு உரியது. வெட்டிய பின் உள்நோக்கி மடங்கிய கம்பி முனையை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய உட்குழாயை (சுருளின் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) ஊசியால் திறந்த பிறகே பூண் போடவும்.*

*நெட்டிழையுறை: நீளவாக்குக் கம்பிகளால் ஆன உறை. படிப்படியாக மாறும் கியருக்கு உரியது. பிறேக்குக்கென்று குறிப்பிட்டு விற்கப்படுவது தவிர, மற்ற எதையும் பிறேக்குக்குப் பூட்டக்கூடாது.*

இழுகம்பிக்கும் ஒரு வரி சேர்க்கவேண்டும்: பிறேக்குக்கு ஏறக்குறைய 1.5 மி.மீ., கியருக்கு 1.1 அல்லது 1.2 மி.மீ. மெல்லியதைப் பிறேக்குக்குப் போடுவதும் அதே அளவு ஆபத்து.

கையால் திருகி இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் உருளைக்கு 'இழுவிசைத் திருகி' என்று குறித்து வைத்திருக்கிறேன். அது நீளமாகப் படுகிறது. கல்முனை, ஏறாவூர்க் கடைகளில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவைத் திறந்தே வைக்கிறேன்.

கல்லடியிலிருந்து