ஐ.பி.எஸ். குடலுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

காரைக்குடி மருத்துவர்:
அன்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' (IBS) என்கிற குடல் கோளாறு பற்றி, நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு சிறு கையேடு எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், தலைப்புதான் அமையவில்லை. 'ஐ.பி.எஸ்.' என்று தமிழில் எழுதினால் போலீஸ் அதிகாரி ஆகிவிடுகிறது. 'குடல் எரிச்சல் நோய்' என்று போட மனமில்லை. எரிச்சல் என்றதும் நெஞ்செரிச்சல் மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள். இதில் குடலில் புண்ணும் கிடையாது, அழற்சியும் கிடையாது. குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் எல்லாம் சரியாகவே தெரியும். மூளைக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு பிசகி, சாதாரண வாயு அசைவுகூட வலியாக உறைக்கிறது. இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016-இல் வந்த ரோம் வரையறைப்படி, கடந்த 3 மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம், இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொடங்கி 6 மாதமும் ஆகியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் பொருந்தும் பெயர் சொல்லுங்கள்.

தேவகோட்டைப் புலவர்:
முனிகுடல். முனிதல் என்றால் சினத்தல், வெறுத்தல். முனிந்த, முனிகின்ற, முனியும் குடல். ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. குடல் என்ற சொல்லே 'குட' என்னும் வளைவுப் பொருளில் பிறந்தது என்பது என் துணிபு. குடம், குடை, ஞாயிறு வளைந்து இறங்கும் குடதிசை…

பள்ளத்தூர் ஆசிரியர்:
புலவரையா, குடதிசைக்குப் போய்விட்டால் வியாழனுக்குள் திரும்ப மாட்டோம். உயிரீற்று உயர்திணைப் பெயர் முன்னும் வல்லினம் மிகாது என்று நன்னூல் சொல்கிறதே. அப்படியானால் முனிகுடல் என்பதை முனிவரின் குடல் என்றும் படிக்கலாம். வாதாபியையே செரித்த அகத்தியரை இந்த நோயில் மாட்டிவிடலாமா?

தேவகோட்டைப் புலவர்:
வாதாபியைச் செரித்தது இரைப்பை. குடல் அல்ல.

கானாடுகாத்தான் சித்த மருத்துவர்:
கிரகணி என்று பழைய பெயர் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

காரைக்குடி மருத்துவர்:
அந்தப் பெயருக்குள் வேறு குடல் நோய்களும் வந்துவிடும் ஐயா. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் இந்த நோய் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக் கூடாது, சோதிக்க வேண்டும். பெயர் அந்த வேறுபாட்டைக் குழப்பக் கூடாது.

தேவகோட்டைப் புலவர்:
தவிர, கிரகணி வடசொல்.

கோட்டையூர் ஆச்சி:
உங்கள் இலக்கணம் இருக்கட்டும். எனக்கு இருக்கிறது இந்த நோய். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பேன். ஒரு வாரம் ஓட்டம், மறு வாரம் அடைப்பு. பெயரில் 'நோய்' என்று பெரிதாகப் போட்டால் மருமகள் முன்னால் கையேட்டைப் பிரிக்கவே கூச்சமாக இருக்கும். அப்புறம், பூண்டு வெங்காயத்தைக் குறைக்கச் சொன்னால் செட்டிநாட்டுக் குழம்பில் மிஞ்சுவது என்ன, டாக்டர் தம்பி?

காரைக்குடி மருத்துவர்:
ஆச்சி, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் பூண்டை எடுத்துவிடுங்கள். பூண்டில் தொந்தரவு தரும் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் தண்ணீர் ஊற்றும் முன்பே எடுத்துவிட வேண்டும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விலக்கத் தேவையில்லை. சில வாரம் குறைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை.

பள்ளத்தூர் ஆசிரியர்:
'உணர்மிகு குடல்' எப்படி? வலியுணர்வு மிகுந்தது என்பது புரிகிறது. கோபம், எரிச்சல் எதுவும் இல்லை. 'சிண்ட்ரோம்' என்பதற்குப் பின்னால் 'நோய்த்தொகை' சேர்க்கலாம்.

தேவகோட்டைப் புலவர்:
நோய்த்தொகையா? எட்டுத்தொகையோடு ஒன்பதாவதாகவா?

கானாடுகாத்தான் சித்த மருத்துவர்:
'கூட்டறிகுறி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வாயில் நுழையாது.

காரைக்குடி மருத்துவர்:
ஆச்சிக்காகப் பின்னொட்டு இரண்டையும் விட்டுவிட்டேன். 'உணர்மிகு குடல்' என்று தலைப்பிட்டு, கீழே சிறிய எழுத்தில் 'குடல் எரிச்சல் நோய் என்று சொல்லப்படுவது' எனச் சேர்த்து அனுப்பியாகிவிட்டது. இதற்கு மேல் அச்சகத்தார் பொறுக்க மாட்டார்கள்.

தேவகோட்டைப் புலவர்:
பெரும்பான்மை அப்படியானால் சரி. எனக்கும் அந்த உபத்திரவம் உண்டு, ஒரு பிரதி அனுப்புங்கள். அதில் மட்டும் பேனாவால் முனிகுடல் என்று திருத்திக்கொள்கிறேன்.