அடையாற்று வெள்ளக் கணக்கு: தரவு கேட்டுச் சென்றவர்களின் அனுபவங்கள்

நீரியல் மாணவன்:
2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த அளவை எட்டும்வரை மணிக்கு மணி எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியேறியது என்ற கணக்குதான், வெள்ளம் எங்கே எவ்வளவு பரவும் என்று கணினியில் கணிக்கும் என் வெள்ள மாதிரிக்குத் தேவைப்பட்டது. கேட்டுச் சென்ற அலுவலகத்தில் ஓர் அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, பதிவேட்டைத் திறந்து, நீல மையில் எழுதப்பட்ட அந்த இரவின் பக்கத்தைக் காட்டினார். நேரம், நீர்மட்டம், மதகுத் திறப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. நான் குறிப்பேட்டை எடுத்ததும், "பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, எழுத வேண்டாம்" என்று பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் என்னை உறுத்துகிறது.

முடிச்சூர்வாசி:
தம்பியின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் செம்பரம்பாக்கக் கணக்கு கிடைத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. அதன் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு குழுவினர் வெள்ள வரைபடத்தை விரித்தபோது, எங்கள் தெரு நனையாத பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எழுந்துவந்து ஆதனூர்ப் பக்கம் விரலை வைத்து, "தண்ணீர் இங்கிருந்துதான் வந்தது, நாங்கள் மாடிக்கு ஓடினோம்" என்றார். அந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்து வெளியேறிய நீரை மாதிரியில் சேர்க்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதை விட்டுவிட்டு ஓர் ஏரியை மட்டும் பேசினால், வடிகால் எங்கே வேண்டும் என்ற முடிவே தவறிப்போகும்.

பழைய மழைமானி:
எனக்கு ஓர் அலுவலகம் மழைப்பதிவை மங்கலான ஸ்கேன் பிரதியாகத் தந்தது. 3 எது, 8 எது என்று தெரியவில்லை. தம்பி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே), குறிப்பெடுப்பதையும் மின்னணு வடிவில் பெறுவதையும் உரிமையாகவே சொல்கிறது. ஆகவே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, எக்செல் கோப்பாகவே கேளுங்கள். நீர்மட்டம் எந்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டது, வெளியேற்றம் நேரடியாக அளக்கப்பட்டதா அல்லது மதகுத் திறப்பை வைத்துக் கணக்கிடப்பட்டதா என்பதையும் அதே மனுவில் சேருங்கள். நில உயரத்துக்கு, விண்வெளியிலிருந்து ரேடாரால் அளக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் தரவை மட்டும் நம்பாதீர்கள். அதில் பல மீட்டர் பிழை இருக்கக்கூடும், சென்னை போன்ற தட்டையான நிலத்தில் அவ்வளவு பிழை ஒரு பேட்டையையே வரைபடத்தில் மூழ்கடித்துவிடும். ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் போன்ற இலவச மென்பொருளில் மாதிரியை ஓட்டினால் முடிவுப் படத்தோடு உள்ளீட்டுக் கோப்புகளையும் வெளியிடுங்கள். முடிச்சூர்க்காரர்கள் ஆதனூர் ஏரிகளைச் சேர்த்துத் தாங்களே ஓட்டிப்பார்த்து, அதிகாரிகளிடம் கொண்டுபோகலாம்.