மறு: ‘மிட்’டுக்குத் தமிழ்ச் சொல்: நடுவொலி, கீழ்நடு, மேல்நடு

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ் கிட்டார் பகுதிக்கு நாம் சேர்த்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘மிட்’ என்கிற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ஆம்பிலும் மிக்ஸரிலும் தாழ்ந்த ஒலிக்கான ‘பேஸ்’ திருகுக்கும் உயர்ந்த ஒலிக்கான ‘ட்ரிபிள்’ திருகுக்கும் நடுவில் இருக்குமே, அந்த ‘மிட்’தான். நாகர்கோவில் ஐயா ‘சமன்’ என்றார். பாலக்காட்டு அண்ணன் ‘மத்திமம்’ என்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி ‘இடைநிலை அதிர்வெண்’ என்று எழுதியிருந்தார். மூன்றையும் யோசித்துப் பார்த்துவிட்டு நான் ‘நடுவொலி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கூடவே, அதைக் ‘கீழ்நடு’, ‘மேல்நடு’ என்று இரண்டாகப் பிரித்தே பட்டியலில் ஏற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பிரிவுதான் முக்கியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவின் ‘சமன்’ அருமையான பழஞ்சொல். மெலிவு, சமன், வலிவு என்ற மூன்றும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே வருகின்றன. இன்று மந்திரஸ்தாயி, மத்தியஸ்தாயி, தாரஸ்தாயி என்று சொல்வதைத்தான் அன்று அப்படிச் சொன்னார்கள். ஸ்தாயி என்பது ஒரு சுரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்ற கணக்கு. நாம் பெயர் தேடுவதோ ஒரே சுரத்துக்குள் இருக்கும் ஒரு பங்குக்கு. பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் சுரம் ஆழ்ந்த மெலிவில்தான் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு சுரத்துக்குள்ளேயே அடியும் நடுவும் உச்சியும் இருக்கின்றன. ஸ்தாயியின் பெயரை இதற்கும் வைத்தால் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். போதாததற்கு, ‘சமன்’ என்றதும் இன்று எல்லாருக்கும் பேலன்ஸ்தான் நினைவுக்கு வரும்.

‘மத்திமம்’ ஏற்கெனவே ஒரு சுரத்தின் பெயர். சுத்த மத்திமம், பிரதி மத்திமம் என்று பாட்டு வகுப்பில் தினமும் புழங்குகிற சொல்லை நாம் பிடுங்க முடியாது. ‘இடைநிலை அதிர்வெண்’ பொருளில் குறை சொல்ல முடியாதது, பாடநூலுக்குப் பொருந்தும். மேடையில் டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருக்கும்போது எதிரே எல்லா ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்ஸரில் நிற்கிறவருக்குக் கையை வாயில் குவித்துக் கத்த வேண்டிய சொல் இது. அத்தனை அசை தாங்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் ஊர் தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம். இந்தப் பக்கம் சர்ச் குவயர், அம்மன் கோவில் கொடையில் மெல்லிசைக் கச்சேரி. கேரளத்தில் அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று கானமேளா, அதாவது அவர்கள் ஊர் மெல்லிசைக் கச்சேரி. பேஸ் வாசிக்கும் இளம்பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. வீட்டில் கேட்டால் எல்லாரும் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள். மேடை ஏறியதும் பாதிப் பேரின் பேஸ் காணாமல் போகிறது. தரையில் ஒரு அதிர்வு தெரியும், எந்தச் சுரம் என்று தெரியாது. எங்கள் குவயரில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனின் ஆம்பைப் (ஒலிபெருக்கிப் பெட்டியை) பார்த்தேன். திருகின் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், பேஸ் திருகு மூன்று மணியில், ட்ரிபிள் திருகு மூன்று மணியில், நடுவில் மிட் திருகு ஒன்பது மணிக்குக் கீழே. வீட்டில் இப்படி வைத்தால்தான் நன்றாக இருக்கிறது என்றான். அவன் சொன்னது பொய்யில்லை.

காரணம் காதில் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாது, உச்சி ஒலிகளும் கொஞ்சம் குறையும். பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வாசிக்கிறவன், காது விட்டதை ஈடுகட்டத் தானாகவே அடியையும் உச்சியையும் ஏற்றி நடுவை இறக்குகிறான். அதே அமைப்பை மேடைச் சத்தத்துக்குக் கொண்டுபோனால், காதே அடியை முழுசாக வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் நாம் ஏற்றி வைத்ததும் சேர்ந்து, பேஸ் ‘கும்’மென்ற வெறும் குமுறலாகிவிடுகிறது.

அறையும் ஏமாற்றும். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறைதான் அதிகம். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால், கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸில் ஒலி அவற்றுக்கிடையே நின்று பெருகும். பேஸின் ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த அறையில் ஏ சுரம் மட்டும் வீட்டையே தூக்கும், பக்கத்துச் சுரங்கள் சாதுவாக இருக்கும். கிட்டாரில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆம்பை மூலையிலிருந்து இழுத்து, ஒரு ஸ்டூலில் ஏற்றி வைத்துப் பார்த்தாலே பாதி சரியாகும். வீட்டில் பழகும்போது பாட்டை ஓடவிட்டு அதன் கூடவே வாசித்து, அந்தக் கூட்டத்துக்குள் தன் சுரம் தெரிகிறதா என்று பார்த்துத் திருகை வைப்பது நல்லது. தனியாக வாசித்துக் கேட்டு வைத்த அமைப்பு தனியாக வாசிக்கத்தான் உதவும்.

மேடையில் அடிப்பகுதி முழுக்க டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் கீபோர்டுக்காரரின் இடது கையும் பிடித்துக்கொள்கின்றன. கொடைக் கச்சேரி என்றால் தவிலின் தொப்பியும் சேரும். உச்சியில் சிம்பல், பாடகரின் ச, ஷ ஒலிகள். பேஸ் எந்தச் சுரம் வாசிக்கிறது என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொடுக்க மிச்சமிருக்கும் இடம் நடுதான். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். அதோடு 82, 124, 165, 206 என்று அதன் மடங்குகளான சீரிசைகள் மேலே ஏறிக்கொண்டே போகும். அடிப்படை கேட்காமல் போனாலும் இந்தச் சீரிசைகளின் இடைவெளியை வைத்து மூளை 41-ஐத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். டீக்கடை ரேடியோவில் இருக்கும் நாலங்குல ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸை எழுப்புகிற தெம்பு கிடையாது. அதிலும் இளையராஜா பாட்டுகளின் பேஸ் ஒவ்வொரு சுரமாகத் தெளிவாகக் கேட்கிறதே, எப்படி? நடுவொலிதான் சுமந்து வருகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-களில் வாசித்ததும் இப்படித்தான். ஃபெண்டர் பிரிசிஷன் என்ற பேஸ் கிட்டார், மாற்றாமலே கிடந்த பழைய பிளாட்வௌண்ட் (மேல்பக்கம் வழவழப்பான) கம்பி, வலது கையில் ஒரே விரல். உச்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் கார் ரேடியோவில் அவர் வாசிப்பு தனியாக நின்றது.

ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை இனிச் சொல்கிறேன். சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் மூன்றே திருகு. பெரும்பாலும் கீழே 80, நடுவில் 2,500, மேலே 12,000 ஹெர்ட்ஸ் என்று நிலையாக வைத்திருப்பார்கள். நடுத் திருகை 2,500-இல் வைத்தது பாடகரின் குரலுக்காக. பேஸ் ஆம்பில் இருக்கும் மிட் திருகோ அநேகமாக 400-க்கும் 800-க்கும் இடையில் எங்காவது இருக்கும். இரண்டிலும் எழுதியிருப்பது ‘மிட்’. மேடையில் நிற்கிறவர் “மிட் கூட்டுங்க” என்கிறார், மிக்ஸரில் நிற்கிறவர் நல்ல மனசோடு கூட்டுகிறார். வருவது கம்பி கழுத்திலுள்ள ஃபிரெட் என்ற உலோகக் கட்டையில் மோதுகிற ‘டக் டக்’ மட்டும். “இன்னும் கூட்டுங்க” என்கிறார் இவர், இன்னும் டக் டக். கடைசியில் பேஸே சரியில்லை என்று மிக்ஸரில் நிற்கிறவர் பேஸின் ஃபேடரையே (சத்த அளவை மாற்றும் நகர்த்தியை) இறக்கிவிடுகிறார். ஒரு கானமேளாவில் கடைசிப் பாட்டு வரைக்கும் எனக்கு இதுவேதான் நடந்தது. ஆபரேட்டர் வேலை தெரியாதவர் அல்ல. இருவரும் ஒரே சொல்லால் வேறு வேறு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

தமிழில் புதிதாகச் சொல் வைக்கிறோம் என்றால் இந்தப் பழைய குழப்பத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. சுமார் 200 முதல் 800 வரை கீழ்நடு. 800-க்கு மேல் 4,000 வரை மேல்நடு. அதற்குக் கீழே அடி, மேலே உச்சி. மிக்ஸரின் நடுத் திருகு மேல்நடு என்பதும், பேஸுக்கு வேண்டியது கீழ்நடு என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும். எல்லைகளை ஒருவர் 250 என்பார், ஒருவர் 1,000 என்பார், அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். கூடவே எண்ணையும் சொல்லிவிடுவது நல்லது. கீழ்நடுவிலேயே 250 பக்கம் ஏற்றினால் சிமெண்ட் கட்டடச் சர்ச்சில் ஒலி குழைந்துபோகும், 500 தாண்டி ஏற்றினால் சுரம் முன்னால் வரும்.

எல்லையோரத்தில் இருக்கிற எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடி, நடு, உச்சி, கீழ், மேல் ஐந்தும் மலையாளத்திலும் அப்படியே இருக்கிற சொற்கள். பாறசாலைக்கு அந்தப் பக்கம் மிக்ஸரில் நிற்கும் சேட்டனிடம் “கீழ்நடு” என்றால் விளக்கம் சொல்லாமலே அவருக்குப் புரிகிறது. “நடு கூட்டணோ?” என்று திருப்பிக் கேட்கிறார். ‘இடைநிலை அதிர்வெண்’ என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. பாலக்காட்டு அண்ணனும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

“அடி என்றால் அடிப்பது என்று ஆகிவிடாதா” என்று தங்கச்சி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டிரம்ஸ்காரரைப் பார்த்து “அடி கூட்டு” என்றால் அவர் ஓங்கி அடிக்கத் தொடங்கலாம். எனவே எழுத்தில் ‘அடியொலி’ என்றே வைப்போம். மேடையில் இப்போது சொல்வது போலவே ‘பேஸ்’ என்று சொல்லட்டும், நஷ்டமில்லை.

சொல்லோடு ஒரு விளக்கக் குறிப்பும் போக வேண்டும் என்பது என் விருப்பம். நடுவொலியைத் திருகுக்கு முன்பே கை தீர்மானிக்கிறது. விரலை ஃபிரெட்போர்டு முடியும் இடத்தருகே வைத்து மீட்டினால் அடி உருண்டு வரும். கம்பிகள் உடலில் முடியும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்த நகர்த்த நடு இறுகி முன்னே வரும். அதே கம்பி, அதே சுரம், நாலங்குலம் நகர்ந்ததற்கே அவ்வளவு வித்தியாசம். வாசிக்காத கம்பிகளை இடது கை விரல்களாலும் வலது கைக் கட்டைவிரலாலும் அணைத்து வைக்காவிட்டால், அவை பின்னணியில் முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலும் கீழ்நடுவில்தான் விழுகிறது. அதை வைத்துக்கொண்டு திருகைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசிவ் பேஸில் (பேட்டரி இல்லாதது) இருக்கும் டோன் திருகு எதையும் கூட்டாது, உச்சியிலிருந்து மேல்நடு வரை வெட்டத்தான் செய்யும். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பேஸை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸுக்கு வந்த சொற்கள் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ‘டி.ஐ. பெட்டி’ என்றே இருக்கட்டும். விளக்கத்தில் மட்டும், பேசிவ் பேஸை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்பின் மேல் மின்சுமை ஏறி மேல்நடுவும் உச்சியும் மங்கிவிடும், அதைத் தடுக்கவும் நீளமான வயரில் இரைச்சல் ஏறாமல் அனுப்பவும்தான் இந்தப் பெட்டி என்று எழுதினால் போதும். ஆம்பிலேயே டி.ஐ. வெளியீடு இருந்தால், ஈக்யூவுக்கு (இந்த ஒலித் திருகுகளுக்கு) முன்னால் எடுக்கும் சுவிட்சைப் போட்டுக் கொடுப்பது நல்லது. அப்போது மேடையில் நமக்குக் கேட்கத் திருகுகிற திருகல் கூட்டத்துக்குப் போகாது. மிக்ஸரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொன்னால், நாலு கம்பி பேஸில் இழப்பு எதுவும் தெரியாது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ட்ரிபிளுக்கு ‘உச்சி’ சரியா, ‘மேலொலி’ சரியா? பாடநூலில் மேற்சுரம் என்ற சொல் வேறு பொருளில் (ஓவர்டோன்) இருப்பதால் ‘மேலொலி’ அதோடு மோதுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு மறுப்பு இல்லையென்றால் அடியொலி, கீழ்நடு, மேல்நடு, உச்சியொலி என்ற நான்கையும் வரும் ஞாயிறு குவயர் பயிற்சியில் மிக்ஸர் மேல் டேப் ஒட்டி எழுதி வைக்கப் போகிறேன். சுரம் தொடங்கும் கணத்தைச் சொல்லும் ‘அட்டாக்’ என்ற சொல்லை அடுத்த மடலுக்கு விடுகிறேன். தவில்காரர்களிடம் அதற்கு என்ன சொல் என்று யாராவது கேட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து